ஒரே மோடம், இரண்டு ராயல்டி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகன் காப்புரிமைச் சட்டம் படிக்கிறான். அவனோடு பேசிப் பேசி எனக்கும் அதில் ஈடுபாடு வந்துவிட்டது. செல்போனுக்கு ராயல்டி, அதாவது காப்புரிமையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், எப்படி வாங்குகிறார்கள் என்று கேட்டிருந்தாயே, சொல்கிறேன்.

5ஜி போன்ற தரநிலையை, அதாவது எல்லாப் போன்களுக்கும் பொதுவான தொழில்நுட்ப விதிகளை, பல நிறுவனங்கள் கூடித்தான் வகுக்கின்றன. அதைப் பின்பற்றாமல் யாரும் 5ஜி போன் செய்ய முடியாது. அதனால் அதற்குள் காப்புரிமை வைத்திருப்பவர்கள், நியாயமான, பாரபட்சமில்லாத நிபந்தனையில் உரிமம் தருகிறோம் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறார்கள். சரி, நியாயம் என்றால் எவ்வளவு? சண்டையே அதில்தான்.

நோக்கியா 2018-இல் ஒரு 5ஜி போனுக்கு அதிகபட்சம் 3 யூரோ என்றது. ஹுவாவே 2021-இல் 2.50 டாலரை உச்சவரம்பாக அறிவித்தது. அமெரிக்க நிறுவனமான குவால்காமின் வழி வேறு. முந்தைய தலைமுறைகளிலும் இயங்கும் 5ஜி போன் என்றால், முழுப் போனின் நிகர விற்பனை விலையில் 3.25 சதவீதம், எவ்வளவு விலையானாலும் 400 டாலர் வரைதான் கணக்கு. ஆக, 200 டாலர் போனுக்கு ஆறரை டாலர், 400 டாலர் போனுக்கு 13. இரண்டிலும் ஒரே மோடம் (போனை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகம்) இருந்தாலும் இப்படித்தான். கூடுதல் விலை நல்ல திரைக்கும் கேமராவுக்கும் என்றால், அது வேறொருவரின் உழைப்பு. அதில் இவர்களுக்கு எதற்குப் பங்கு?

இணைப்பு இல்லாவிட்டால் அந்தக் கேமராவுக்கே பாதி மதிப்புதான் என்கிறான் மகன். ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணம் திரும்ப வர வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு நோக்கியாவைப் போல, ஒரு போனுக்கு இவ்வளவு என்று வாங்கினால் போதுமே.

குவால்காம் சிப்பும் விற்கிறது. உரிமம் வாங்காதவர்களுக்குச் சிப் கிடையாது என்பது அதன் கொள்கை. இதை எதிர்த்து அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2017-இல் வழக்குப் போட்டது. 2019-இல் ஆணையம் ஜெயித்தது; 2020-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழானது.

அப்புறம், மேலே சொன்னதெல்லாம் அறிவித்த தொகை. பேரம் பேசி முடிப்பது பெரும்பாலும் ரகசிய ஒப்பந்தம். அடுத்தவன் எவ்வளவு கொடுக்கிறான் என்று தெரியாமல், பாரபட்சம் இல்லை என்று ஒரு சின்னத் தயாரிப்பாளர் எப்படி நம்புவார்? எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது. காலமெல்லாம் கணக்குத் தணிக்கை பார்த்தவன் நீ. உனக்கு என்ன தோன்றுகிறது, எழுது.

அன்புடன்,
ரகு