நோபல் ஆரூடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நோபல் பரிசு யாருக்குக் கிடைக்கும் என்று மேற்கோள் எண்ணிக்கையை (ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டினார்கள் என்ற கணக்கை) வைத்தே கணித்துவிடலாம் என்ற தொனியில் வந்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். அது பாதிக் கதைதான்.

கணிப்பு பலிப்பதில்லை என்று சொல்லவில்லை. 2024-இல் வேதியியலுக்கு, மேற்கோள்களை வைத்துக் கணிக்கும் கிளாரிவேட் நிறுவனம் சொன்ன பேக்கர், ஹசாபிஸ், ஜம்பர் மூவருமே வென்றார்கள். 2021-இல் லாஸ்கர் விருது (அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆய்வு விருது) பெற்ற காரிகோவுக்கும் வைஸ்மனுக்கும் 2023-இல் நோபல் வந்தது. சரி, ஆனால் அதே 2024-இல் இயற்பியல் பரிசு செயற்கை நரம்பு வலைப்பின்னல் (மூளையின் பாணியில் கற்கும் கணினி முறை) ஆய்வுக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் போனபோது, இயற்பியலாளர்களே கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்!

எந்தக் கண்டுபிடிப்பு என்று ஊகிப்பது ஓரளவு சுலபம். எந்த மூவர் என்பதில்தான் சறுக்கல். ஒரு பரிசை மூவருக்கு மேல் பகிர முடியாது. இறந்தவரைத் தேர்ந்தெடுக்கவும் விதி இடம் தராது. ஈர்ப்பலைகளையே (விண்வெளியில் பரவும் ஈர்ப்பு விசையின் அதிர்வுகளையே) எடுத்துக்கொள்ளுங்கள். 2016 பிப்ரவரி 11 அன்று அவற்றைக் கண்டறிந்த அறிவிப்பு வந்ததும், அந்த ஆய்வின் முன்னோடிகளான வைஸ், தோர்ன், டிரீவர் என்ற மூன்று பெயர்கள்தான் பலர் வாயிலும். ஆனால் அந்த ஆண்டுக்கான பரிந்துரைக் கெடு ஜனவரி 31-உடன் முடிந்திருந்தது. மறு ஆண்டு மார்ச்சில் டிரீவர் காலமானார். அக்டோபரில் நோபல் அறிவிப்பில் மூன்றாவது பெயராக வந்தவர், அதே ஆய்வுத் திட்டத்தை வழிநடத்திய பாரிஷ்.

பரிந்துரைப் பட்டியலோ 50 ஆண்டுகள் பூட்டியே இருக்கும். யாரெல்லாம் மயிரிழையில் தவறவிட்டார்கள் என்பதைச் சரிபார்க்கக்கூட நமக்கு வழியில்லை.

- ஒரு வாசகர்