கருத்தடை மாத்திரையில் இடைவெளி கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணவர் விசைப்படகில் கடலுக்குச் சென்றிருக்கும் நாட்களில் கருத்தடை மாத்திரையை நிறுத்திவிட்டு, அவர் கரை திரும்பியதும் தொடரும் பழக்கம் எங்கள் பாம்பன் பகுதிப் பெண்கள் சிலரிடம் உள்ளது. அண்டை வீட்டுப் பெண் காட்டிய மாலா-என் அட்டையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது குழிகளே காலியாக இருந்தன. அதன் 28 மாத்திரைகளில் 21 ஹார்மோன் மாத்திரைகள். அவற்றை நாள்தோறும் உட்கொண்டால்தான் கருமுட்டை வெளிப்படுவது தடைபடும். மீதி 7 வெறும் இரும்புச்சத்து. ஒன்றை மறந்தால், நினைவு வந்தவுடன் விழுங்கிவிட்டு அடுத்ததை வழக்கமான நேரத்தில் எடுக்கலாம். இரண்டு அல்லது அதற்கு மேல் தவறினால், மாத்திரையைத் தொடர்வதுடன் 7 நாட்களுக்கு ஆணுறையும் தேவை. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. அட்டையைக் கொடுக்கும்போதே கிராம சுகாதார செவிலியர்கள் இவற்றை விளக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, பாம்பன்