அறுபத்தொரு கைகள்

மசேரு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

உன் கடிதம் வந்தது. வார்டு தேர்தலில் நிற்கலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறாய். ஆறு லாரி வைத்து நடத்தத் தெரிந்தவனுக்கு ஒரு வார்டை நடத்தத் தெரியாதா, கம்பெனி முதலாளியாக இருந்து இங்கே லெசோத்தோவின் பிரதமரான நம் மாட்டேகானே ஒரு நாட்டையே நடத்தவில்லையா என்றும் கேட்டிருக்கிறாய். அப்பா அதைப் படித்ததிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. நான் தூங்கினேன். ஆனால் நீ அவரை உதாரணமாகச் சொன்னதால் அவரைப் பற்றியே எழுதுகிறேன். நீ தென்னாப்பிரிக்காவுக்கு, டர்பனுக்குப் போன பிறகு இங்கே நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

நீ ஆறாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலா போனது ஞாபகம் இருக்கிறதா? மொலிமோ ந்தூசே கணவாயின் வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போனாயே, அதே மலைச்சாலைதான் மேலும் உள்ளே ஏறி மாந்சொன்யானேவுக்குப் போகிறது. 'கடவுளே காப்பாற்று' என்று அந்தக் கணவாய்க்குப் பெயர் வைத்த ஊர்க்காரர்களுக்குச் சாலையின் அருமை தெரியும். சாம் மாட்டேகானே அங்கேதான் 1958-இல் பிறந்தார். 1986-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். மண் வெட்டுவது, சாலை போடுவது, பிறகு லெச்செங் வைரச் சுரங்கத்தில் பாறை தோண்டும் ஒப்பந்தம். கடல்மட்டத்திலிருந்து 3,100 மீட்டர் உயரத்தில், குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும் இடம் அது. அங்கே இயந்திரம் ஓட்டி வேலையை முடித்துக் கொடுப்பவர் சாதாரண ஆள் இல்லை. அந்த மரியாதை எனக்கு இன்றும் உண்டு. சந்தையில் காய் விற்கும் பெண்கள்கூட அவரை 'ந்தாதே' என்றுதான் சொல்வார்கள். நாம் 'ஐயா' என்கிறோமே, அது மாதிரி.

2022 மார்ச்சில் புதிதாக ஒரு கட்சி தொடங்கினார். அக்டோபர் 7-ஆம் தேதி தேர்தல். ஏழு மாதம்கூட ஆகாத கட்சி 120 இடங்களில் 56 பிடித்தது. எங்கள் தெருவில் ஆரன் அடித்துக்கொண்டு போனார்கள். 2012, 2015, 2017 என்று கூட்டணி மாற்றிக் கூட்டணி வைத்து, ஒன்றுகூட ஐந்து வருடம் தாங்காமல் போனதில் ஜனங்கள் அவ்வளவு அலுத்துப்போயிருந்தார்கள். சொந்தக் காசு இருக்கிறவர், திருட மாட்டார், வேலை தெரிந்தவர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் தம்பி, நான் கணக்கு டீச்சர். 56 என்று கேட்டதும் என் மனம் 61-க்குத்தான் போனது. ஆட்சி அமைக்க அதுதான் வேண்டும். கம்பெனியில் முதலாளி ஒரு கையெழுத்துப் போட்டால் மறுநாள் வண்டி கிளம்பும். நாடாளுமன்றத்தில் அறுபத்தொரு கைகள் உயர வேண்டும், அதில் ஒன்றுக்குக்கூட அவர் சம்பளம் கொடுப்பதில்லை. ஐந்து இடம் வைத்திருந்த ஒரு கட்சி, நான்கு இடம் வைத்திருந்த இன்னொரு கட்சி, இரண்டையும் சேர்த்து 65 ஆக்கினார். அக்டோபர் 28-ஆம் தேதி செட்சோட்டோ மைதானத்தில் பதவியேற்றார். பதினைந்து அமைச்சர்கள் போதும் என்று சிக்கனமாகத்தான் தொடங்கினார். முதலாளி புத்தி, நல்ல புத்திதான்.

ஒரு வருடம் போனது. 2023 அக்டோபரில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். சொந்தக் கட்சி உறுப்பினர்களே சிலர் விலகிப் போனார்கள். உன் டிரைவர் ஒருவன் நின்றுவிட்டால் நாளைக்கு வேறு ஆளைப் போடுவாய். ஓட்டு வாங்கி வந்த உறுப்பினரை யார் வேலையை விட்டு நிறுத்த முடியும்? அந்த நாட்களில் ராணுவம், போலீஸ், உளவுத்துறைத் தலைவர்கள் சேர்ந்து நின்று, அரசைக் கவிழ்க்க விடமாட்டோம் என்று அறிக்கை விட்டார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது. ஒரு பிரதமர் இருப்பதும் போவதும் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும், சீருடைக்காரர்கள் கையில் இல்லை. அவர் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை நான் சரி என்று சொல்ல மாட்டேன். அப்புறம் மற்ற கட்சிகளையும் சேர்த்துக்கொண்டு பதவியில் நிலைத்தார்.

2025-இல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று அறிவித்தபோது, இங்கே தெட்சானே தொழிற்பேட்டையில் ஜீன்ஸ் தைக்கும் பெண்கள் பட்ட பாட்டை நேரிலேயே பார்த்தேன். என்னிடம் படித்தவர்களே சிலர் அங்கே வேலை செய்கிறார்கள். ஆகஸ்டில் 15 ஆகக் குறைந்தது, ஆனால் நின்றுபோன ஆர்டர்கள் அதற்காக உடனே திரும்பி வரவில்லை. ஒரு வியாபாரி வாடிக்கை போனால் வேறு வாடிக்கை தேடுவான், முடியாவிட்டால் அந்தத் தொழிலையே மூடிவிட்டு வேறு பார்ப்பான். பிரதமர் எதை மூடுவார்? வேலை இல்லாத பிள்ளைகளுக்காக ஜூலையில் பேரிடர் நிலையே அறிவிக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, நீ எழுதாமல் விட்டது. சாலை போடும் கம்பெனிக்காரர் சாலைக்குப் பணம் ஒதுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தால், ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் ஊர் திருப்பித் திருப்பிப் பார்க்கும். அவர் விஷயத்திலும் அந்தக் கேள்வி முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அது பொறாமை என்று அப்பா சொல்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

உன் ஆறு லாரிகளில் இரண்டு மாநகராட்சி வேலையில்தானே ஓடுகின்றன? தென்னாப்பிரிக்காவில் வார்டு உறுப்பினர் தன் மாநகராட்சியோடு ஒப்பந்தம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மனைவி பேருக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது உனக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். நீ செய்யாதே.

நிற்காதே என்று நான் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் வழக்கை உன் தலையில் போட்டுக்கொள்கிறவன் நீ. இந்த வேலைக்கு அது வேண்டும். ஆனால் அந்த இரண்டு லாரிகளை விட்டால் மாதம் எவ்வளவு குறையும், மீதி நான்கை யார் பார்ப்பார்கள், வங்கிக் கடன் யார் பேரில் இருக்கிறது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுது. மருமகளோடு உட்கார்ந்து எழுது. உன்னோடு ஒத்துப்போகாத உறுப்பினரிடம் போய் நின்று ஒரு தெருவிளக்குக்காக ஆதரவு கேட்க உனக்கு மனம் வருமா என்பதையும் யோசி. உனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அது எனக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு வரும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டு வா. இரவு எத்தனை மணியானாலும் பரவாயில்லை, மசேரு பாலம் திறந்துதான் இருக்கும். அப்பா இப்போதே எதிர்க்கட்சி மாதிரி கேள்விகள் தயார் செய்துகொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா