கோல்ட்ப்ளே (பிரிட்டிஷ் ராக் இசைக்குழு): இன்னைக்கு (2025 ஜனவரி 26) அகமதாபாத் ஷோவுக்குப் போறவங்க கவனத்துக்கு

மக்களே, நேத்து (ஜனவரி 25) நானும் என் ரூம்மேட்டும் போயிட்டு வந்துட்டோம். இன்னும் காது அடைச்ச மாதிரியே இருக்கு!

கார்ல போற யோசனையே வேண்டாம். ஷோ நடக்கற நரேந்திர மோடி ஸ்டேடியத்துக்குப் பக்கத்துல இருக்கற மோட்டேரா ஸ்டேடியம் ஸ்டேஷன் வரைக்கும் மெட்ரோ போகுது, ராத்திரியும் நேரம் நீட்டிச்சிருக்காங்க. 1 லட்சம் பேருக்கு மேல ஒரே நேரத்துல வெளிய வருவாங்க, போன்ல சிக்னலை நம்பாதீங்க. கூட வர்றவங்களோட எங்க சந்திக்கறதுன்னு உள்ள நுழையறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கங்க.

நுழையும்போது கையில கட்ட ஒரு எல்இடி பட்டை குடுப்பாங்க. பாட்டுக்கு ஏத்த மாதிரி அதை அவங்களே ரிமோட்ல எரிய வைக்கிறாங்க, நாம ஒண்ணும் அழுத்த வேண்டாம். மேல் அடுக்கு சீட்டுன்னு வருத்தப்படாதீங்க: மொத்த ஸ்டேடியமும் ஒரே சமயத்துல மஞ்சளா மாறுறது அங்கிருந்துதான் முழுசாத் தெரியும். மேடை எறும்பு மாதிரிதான், ஸ்கிரீன்தான் கதி.

பட்டையை ஞாபகார்த்தம்னு பையில போட்டுக்காதீங்க. அடுத்த ஷோவுக்கும் அதையேதான் பயன்படுத்தறாங்க, வெளிய வரும்போது பெட்டியில போட்டுடுங்க.

டிக்கெட் கிடைக்காதவங்க ஹாட்ஸ்டார்ல பாருங்க, இன்னைக்கு ஷோ நேரலை.