அக்காவுக்கு, பாரிஸிலிருந்து

அன்புள்ள அக்கா,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. வேலையில் புதிதாக ஒன்றுமில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காலையில் ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்குப் போனேன். பிரெஞ்சு ஓவியர் மோனே தன் வீட்டுக் குளத்து அல்லிகளை வரைந்த பெரிய ஓவியங்கள் அங்கே முட்டை வடிவான இரண்டு அறைகளைச் சுற்றி வளைந்து நிற்கின்றன. அவர் 1926இல் இறந்தார். அடுத்த ஆண்டுதான் இவற்றைத் திறந்து வைத்தார்கள். கிட்டே போனால் அல்லி இல்லை: ஊதாத் தீற்றல், பச்சைத் தீற்றல், தடித்துக் காய்ந்த சாயம். பத்தடி பின்னால் வந்தால் தண்ணீர் அசைகிறது! தொடுவானம் எங்குமே இல்லை. வானமும் குளத்துக்குள்தான் கிடக்கிறது.

பிற்பகல் பில்ஹார்மோனி இசையரங்கில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியின் 'கடல்'. 1905இல் பாரிஸில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட இசை. வாத்தியக்காரர்களுக்குப் பின்புறம் மலிவான இருக்கை கிடைத்தது. தொடக்கத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் டிம்பனி என்னும் பெரிய முரசை வாசிப்பவரின் இரு குச்சிகளும் தோலின் மேல் நடுங்குவது தெரிந்தது. அந்த நடுக்கம் மெல்ல மெல்லச் சத்தமானபோது, விடியும் முன் பருத்தித்துறைக் கரையில் அப்பாவோடு நின்றது நினைவுக்கு வந்தது, அக்கா. கடல் கண்ணுக்குத் தெரியாது, இருப்பது மட்டும் தெரியும்.

பல்லவியைப் பிடித்துக்கொண்டு போகும் நம் காதுக்கு முதலில் தவிப்பாக இருக்கும். ஒரு மெட்டு எழும், அது முடியும் முன்பே புல்லாங்குழலிலிருந்து யாழ் போன்ற ஹார்ப்புக்கு, அங்கிருந்து வயலினுக்கு நிறம் மாறிக் கரைந்துவிடும். இரண்டாம் பகுதியில் சில இடங்களில் எல்லா ஸ்வரங்களும் சம தூரத்தில் நிற்கின்றன, பஞ்சமமே இல்லை. நம் கோப்ரியா ராகத்தின் ஸ்வரங்கள். எங்கே போய் நிற்பது என்று காதுக்குத் தெரிவதில்லை. காலையில் பார்த்த குளத்திலும் கண்ணுக்கு இதே நிலைதான்.

மோனே 1872இல் வரைந்த லே ஹாவ்ர் துறைமுகச் சூரியோதயத்தின் பெயரில் 'இம்ப்ரெஷன்' (மனப்பதிவு) என்ற சொல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு விமர்சகர் கேலி செய்ய, அதுவே மோனேக்கும் அவருடைய தோழர்களான ஓவியர்களுக்கும் பெயராகிவிட்டது. தன் இசைக்கு அந்தப் பெயர் சூட்டப்படுவதை டெபுஸி வெறுத்தார். 'கடல்' அச்சானபோது அட்டைக்கு அவர் எடுத்துக்கொண்டதும் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலையைத்தான். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மூன்றாம் பகுதியில் காற்றும் கடலும் மோதும்போது வெறும் மங்கல் எங்கே இருக்கிறது? ஹொகுசாயின் அலை நுனி போல விரல் விரலாக நிற்கிறது ஒவ்வொரு ஒலியும். ஆனாலும், தண்ணீரை வரையக் கோடு போதாது என்று மோனே கண்டுகொண்டதைத்தான் இவர் ஒலியில் செய்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவைக் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறேன், இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வீணை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதற்கு முன்னால், காதுக்கருவி போட்டுக் கேளுங்கள். முதல் பகுதியின் நடுவே, வயலினின் பெரிய உறவான செல்லோக்கள் கூட்டமாகப் பாடும் ஓர் இடம் வரும். பதினாறு செல்லோ வேண்டுமென்று அங்கே டெபுஸி எழுதியிருக்கிறார். அந்த இடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி