எம்.எஸ். ரிலாப்ஸ்: இரத்தத்தில் தேடாதே மச்சான்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. அக்கரைப்பற்றில் எல்லோரும் சுகம் என்று அறிந்தது சந்தோஷம். இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் பாலத்தடியில் நிற்க ஏலாது. இந்த வெக்கைக்கும் நீ கேட்டதற்கும் தொடர்பு இருப்பதால் உடனே எழுதுகிறேன்.

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ், உடம்பின் எதிர்ப்புக் கலங்களே மூளை, முண்ணாண் நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய்) நோயாளியின் ரிலாப்ஸ், அதாவது நோய் திரும்பக் கிளம்புவது, எவ்வளவு கடுமையாகும் என்று வெண்குருதிக் கலங்களை எண்ணிச் சொல்லலாமா என்று கேட்டாய். ஏலாது மச்சான். வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை நிணநீர்க் கலங்கள். உடம்பிலுள்ள அவற்றில் ஏறத்தாழ 2 வீதம்தான் இரத்தத்தில் ஓடுகிறது. மிச்சமெல்லாம் நிணநீர்க் கணுவிலும் மண்ணீரலிலும் குடலிலும் இருக்கும். மற்றக் கலங்களை அடக்கிவைக்க வேண்டிய ரீ-கலங்களை (நிணநீர்க் கலத்தில் ஒரு வகை) எண்ணினால் சுகதேகியின் அளவே வரும். குறைந்திருப்பது அவற்றின் அடக்கும் வலுதான்.

கேடு செய்வது இரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டி மூளைக்குள் இறங்கிவிட்ட கலங்கள். அங்கே நரம்பின் உறையான மயலினைக் கண்டதும் அவை இன்டர்பெரோன்-காமா போன்ற சைகைப் புரதங்களைச் சுரந்து மற்றக் கலங்களையும் கூப்பிடும். 1987இல் அந்த இன்டர்பெரோன்-காமாவையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 18 பேரில் 7 பேருக்கு ரிலாப்ஸ் வந்தது. நிணநீர்க் கலத்தில் இன்னொரு வகையான பீ-கலத்தின் வேலை பிறபொருளெதிரி (அன்டிபொடி) சுரப்பது மட்டும் என்றும் நினைக்காதே. பீ-கலங்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தைக் கொடுத்தால் பிறபொருளெதிரி அளவு பெரிதாக இறங்குவதில்லை, ஆனால் ரிலாப்ஸ் சீக்கிரமே குறைகிறது. ரீ-கலத்தை உசுப்பிவிடுவதும் பீ-கலம்தான் என்பதற்கு எனக்கு அதுவே பெரிய சான்று.

கடுமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இடம். மூளையின் முன்பக்கத்தில் மிளகளவு புண் வந்தால் நோயாளிக்கே தெரியாது. அதே அளவு கழுத்து முண்ணாணில் வந்தால் கால் இழுக்கும். மயலின் மட்டும் உரிந்தால் மீளலாம், நரம்பு நாரே அறுந்தால் மீளாது.

இனி வார்ட்டில் செய்ய வேண்டியது. ரிலாப்ஸ் என்று சொல்வதற்குப் புதிய குறி 24 மணித்தியாலத்துக்கு மேல் நிற்க வேண்டும், காய்ச்சலோ தொற்றோ இருக்கக் கூடாது. வெயிலில் வயலுக்குப் போனவருக்குக் கால் சோர்ந்தால் முதலில் நிழலில் இருத்தி ஈரத்துணி போடு. மயலின் உரிந்த நரம்பில் உடற்சூடு அரைப் பாகை ஏறினாலே சைகை தடைப்படும். சூடு இறங்கக் காலின் வலு திரும்பினால் அது ரிலாப்ஸ் இல்லை. சிறுநீரைக் கட்டாயம் சோதி. இவர்களுக்குச் சலப்பையில் மிச்சம் தேங்கும், எரிவே இல்லாமல் கிருமி வளரும். அதைப் பார்க்காமல் ஸ்டீரொயிட் ஏற்றுவதுதான் நான் அதிகம் பயப்படும் பிழை.

உண்மையான ரிலாப்ஸ் என்றால் மெதைல்பிரட்னிசலோன் 1 கிராம், சேலைனில் கலந்து ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல், காலையில், 3 தொடக்கம் 5 நாள். வேகமாக ஏற்றினால் இதயத் துடிப்புக் குழம்பும். சீனி, பிரஷர், பொட்டாசியம் மூன்றையும் நாளாந்தம் பார். வெறுங்காலோடு வயற்சேற்றில் வேலை செய்பவருக்கு ஸ்ட்ரொங்கிலொயிடிஸ் புழு இருக்கலாம். ஸ்டீரொயிட்டில் அது உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கும், சந்தேகம் என்றால் ஐவர்மெக்டினை முந்திக் கொடு. வீட்டுக்காரருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்: ஸ்டீரொயிட் தேறுவதை விரைவாக்கும், கடைசியில் எவ்வளவு தேறும் என்பதை மாற்றாது. கடுமையான ரிலாப்ஸ் அதற்கும் அசையாவிட்டால் ஒன்றுவிட்டொரு நாள் 5 முதல் 7 தடவை பிளாஸ்மாவை (இரத்தத்தின் திரவப் பகுதியை) மாற்று.

இரண்டு கண்ணும் ஒன்றாக மங்கினாலோ, முண்ணாண் புண் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் ஓடினாலோ, விக்கலும் வாந்தியும் நாட்கணக்கில் விடாவிட்டாலோ எம்.எஸ். என்று எழுதாதே. அது என்.எம்.ஓ. (கண் நரம்பையும் முண்ணாணையும் தாக்கும் வேறொரு நோய்) ஆக இருக்கலாம். அதற்கு எம்.எஸ். மருந்துகளான பீட்டா-இன்டர்பெரோனோ பிங்கோலிமோடோ கொடுத்தால் நிலைமை மோசமாகும். இரத்தம் எடுப்பதென்றால் என்.எம்.ஓ.வைக் காட்டும் அக்குவாபோரின்-4 பிறபொருளெதிரிக்கு எடு, பிளாஸ்மா மாற்றத் தொடங்குமுன் எடு. மாற்றிய பிறகு எடுத்தால் இருப்பதும் இல்லை என்று வரும்.

முண்ணாண் எம்.ஆர்.ஐ. படம் இருந்தால் அடுத்த கடிதத்தோடு அனுப்பிவை.

அன்புடன்,
உன் மச்சான்