சவொன்லின்னாவில் நகராட்சிக்கு என்ன வேலையாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழின் பின்லாந்துப் பயணக் கட்டுரை படித்தேன். படங்கள் அருமை. சவொன்லின்னாவைப் பற்றி எழுதிய அன்பர், "ஏரியும் காடும்தான்; நகராட்சிக்கு இங்கே என்ன வேலை இருக்கப்போகிறது?" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டிருக்கிறார். கோடையில் வந்து, கோட்டைக்குள் ஆப்பரா பார்த்து, படகில் சுற்றிவிட்டுப் போனவருக்கு அப்படித்தான் தோன்றும். ஜனவரியில் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பனி அள்ளும் வண்டி போனபின் வாசலை அடைத்துக்கொண்டு முழங்கால் உயர வரப்பு நிற்கும். அதைத் தள்ளிவிட்டுத்தான் நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மண்வெட்டி அவருக்கும் தருகிறேன்.

இந்த நகராட்சியின் பரப்பு ஏறக்குறைய 3,600 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தண்ணீர். ஆட்களோ முப்பதாயிரத்துச் சொச்சம். எதிர்க்கரை வீட்டு விளக்கு கண்ணுக்குத் தெரியும்; காரில் போனால் ஏரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பள்ளி ஐந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால் பிள்ளையை இலவசமாகக் கொண்டுசேர்ப்பது நகராட்சியின் கடமை, சட்டமே இருக்கிறது. வேலை இல்லையாம்!

நான் இருக்கும் கெரிமாகியை வேறு "தனி ஊராட்சி" என்கிறார். 2013-இலேயே கெரிமாகியும் புங்காஹர்யுவும் சவொன்லின்னாவோடு இணைந்துவிட்டன. அதற்கு முன் 2009-இல் சவொன்ரந்தா. அதைச் சேர்க்கும்போது நடுவே இருந்த எனொன்கொஸ்கியிலிருந்து 31 சதுர கிலோமீட்டர் துண்டையும் சேர்த்தே இணைத்தார்கள். எனொன்கொஸ்கி இன்றும் தனியாகத்தான் இருக்கிறது. இப்படி இணைத்து என்ன கண்டோம் என்றால், இங்கிருந்த ஆசிரியர் பயிற்சி வளாகம் 2018-இல் யோயென்சூ என்ற வேறு நகரத்துக்குப் போனது. மருத்துவமும் சமூக நலமும் 2023 தொடக்கத்தில் நகராட்சியின் கையை விட்டே போய், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மிக்கெலியைத் தலைமையாகக் கொண்ட அமைப்பிடம் சேர்ந்தன. பஸ் நிறுத்தத்தில் நாங்கள் பேசுவது இதைத்தான், ஏரி அழகை அல்ல.

அப்புறம், "மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மேயர்". அப்படி ஒருவர் இந்த ஊரில் இல்லை. நாங்கள் தேர்ந்தெடுப்பது நகர்மன்றத்தை. நகர நிர்வாகியை நியமிப்பது அந்த மன்றம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் இரண்டு ஆண்டு குடியிருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு உண்டு. 2025 ஏப்ரலில் நானே போட்டேன். சின்னம் கிடையாது, பொத்தான் கிடையாது. தாளில் இருக்கும் வட்டத்துக்குள் வேட்பாளரின் எண்ணை எழுதி, மடித்து, முத்திரை குத்தி வாங்கிப் பெட்டியில் போட வேண்டும். உங்கள் கட்டுரையாளர் வாக்குச்சாவடிப் பக்கம் போயிருக்க வாய்ப்பில்லை. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கலாமே?

பின்லாந்து என்றாலே "ஆயிரம் ஏரிகள்" என்று எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். எண்ணி வைத்திருப்பது 1,87,888. உங்களுக்குத் தெரியாததல்ல.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கெரிமாகி பற்றியும் மேயர் பற்றியும் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். முன்பு ஒருமுறை எங்கள் சவொன்லின்னாவின் ஒலாவின்லின்னா கோட்டைப் படத்துக்குக் கீழே "ஹெல்சிங்கி" என்று அச்சிட்டிருந்தீர்கள். அதற்கு நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை. சந்தா நினைவூட்டல் மட்டும் தவறாமல் வருகிறது. அந்தத் திருத்தத்தையும் இதோடு சேர்த்துவிட்டால் நன்றி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருத்தி,
கெரிமாகி, சவொன்லின்னா நகராட்சி